கிளட்ச் எரிந்தால் சாரதியின் சம்பளமா?



எங்கள் தென்னந்தோட்டத்துக் கெப் வண்டியின் கிளட்ச் மூன்றாவது தடவையாக எரிந்துவிட்டது. கராஜ் பில்லை நிர்வாகம் சாரதி அண்ணனின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப் போகிறதாம். "ஜப்பான் டீசல் வண்டி சும்மா உடையாது, ஓட்டத் தெரியாதவன்தான் உடைத்தான்" என்பது கந்தோரின் தீர்ப்பு. விசாரணை இல்லை, மெக்கானிக்கின் கடிதம்கூட இல்லை.

ஜப்பான் டீசல் வண்டி நல்ல வண்டிதான். தம்பலகாமத்து வயல் வீதிகளில் இருபது வருடம் தாண்டிய ஹைலக்ஸ்கள் இன்றும் நெல் மூட்டையோடு ஓடுகின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் தவணை தப்பாமல் ஒயில் மாற்றுகிறார்கள், டீசல் பில்டரில் தேங்கும் தண்ணீரை இறக்குகிறார்கள். எங்கள் வண்டிக்குக் கடைசியாக எப்போது ஒயில் மாற்றியது என்று கேட்டோம். கந்தோரில் கொப்பியே இல்லை.

அந்த வண்டி இழுப்பது பிரேக் இல்லாத டிரெய்லர். அப்படிப்பட்ட டிரெய்லருக்கு, இந்த ரகக் கெப் வண்டிகளைச் செய்யும் கம்பனிகள் பெரும்பாலும் விதிக்கும் எல்லை 750 கிலோ. டிரெய்லரின் சொந்த எடையும் அதற்குள்தான். கணக்கப்பிள்ளையின் துண்டில் ஒரு நடைக்கு 1,200 காய். மட்டையோடு ஒரு காய் ஒரு கிலோ என்று குறைத்தே வைப்போம். டிரெய்லரைச் சேர்க்காமலே 1,200 கிலோ! எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் போட்டார்கள்.

"இங்கே என்ன நுவரெலியா ஏற்றமா இருக்கிறது?" என்று கேட்கிறார் துரை. கிளட்ச் ஏற்றத்தில் மட்டும் எரிவதில்லை ஐயா. நின்ற பாரத்தை முதல் கியரில் அசைக்கும் அந்தச் சில நொடிகளில்தான் பிளேட் தேய்கிறது. மணலில் சில்லுப் புதைந்த டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளும்போது இன்னும் மோசம். குவியலுக்குக் குவியல் நிறுத்தி எடுத்து, ஒரு நடைக்கு எத்தனை தடவை அசைக்கிறார் என்று ஒருநாள் வந்து நின்று பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் வந்தால் ரேடியேட்டரில் அடைந்த சருகையும் பார்க்கலாம்.

அடுத்த செலவையும் இப்போதே சொல்லி வைக்கிறோம். இது டைமிங் பெல்ட்டில் ஓடும் எஞ்சின். 100,000 அல்லது 150,000 கிலோமீற்றரில் பெல்ட் மாற்ற வேண்டும். மீற்றர் 200,000 தாண்டிவிட்டது, மாற்றியதற்குப் பதிவில்லை. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போகும். அன்றைக்கும் சாரதி அண்ணன்தான் குற்றவாளியா?

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, "புது வண்டிக்கு வழியில்லை, பொறுங்கள்" என்றார்கள். பொறுத்தோம். 2025இல் இறக்குமதி திறந்தது. புது வண்டியும் வந்தது, துரையின் பங்களாவுக்கு!

1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட கழிவைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அதற்கும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். அண்ணன் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை, இனியும் வைக்க மாட்டார். ஒரு ரூபாய் பிடித்தாலும் திருகோணமலை தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போடுவோம்.

பில்லைவிடப் பெரிய விஷயம் ஒன்று. மாலையில் அந்தக் காய்களுக்கு மேலே ஏறி வீடு வருவது எங்கள் அக்காமார். பிரேக் பிடித்த டிரெய்லர் வரும்வரை, ஆட்களுக்குத் தனி வாகனம் தரும்வரை, அதில் யாரும் ஏற வேண்டாம். ஞாயிறு காலை கோயில் முன்றலில் கூட்டம். சம்பளத் துண்டுகளை மறக்காமல் கொண்டு வாருங்கள்.