பாட்டுப் பெட்டியும் அடுக்கும் முறையும்

நம்மவர் கூடும் விழாக்களில் பாட்டு இல்லாத விழா இல்லை. முன்னாளில் ஆர்மோனியப் பெட்டி ஒன்றும், பாடத் தெரிந்த மாமி ஒருவரும் இருந்தால் போதும். இந்நாளில் மடிக்கணினியும் கரோக்கி மென்பொருளும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. கரோக்கி என்பது ஜப்பானியச் சொல். ‘வெறும் வாத்தியக் குழு’ என்பது அதன் பொருள். 1971ஆம் ஆண்டில் கோபே நகரத்து வாத்தியக் கலைஞர் டைசுகே இனோவே, பின்னணி இசையை மட்டும் ஒலிக்கும் பெட்டிகளை அமைத்து வாடகைக்கு விட்டார். அவர் காப்புரிமை பெறவில்லை. இன்று உலகமே பாடுகிறது.

மந்திர் மார்க்கிலும் கோல் மார்க்கெட்டுச் சுற்றுப்புறத்திலும் நம் குடும்பங்கள் கூடும்போது நிகழ்வது யாது? கணினியில் ஆயிரம் பாட்டுக்கள் இருக்கும். மூத்தவர் ஒருவர் தாம் விரும்பும் பாட்டைக் கேட்பார். அது உண்டு என்பது யாவருக்கும் தெரியும். எங்கே என்பது ஒருவருக்கும் தெரியாது. ஐந்து நிமிஷம் தேடிய பின், “இருக்கட்டும் தம்பி, இன்னொரு நாள் பாடிக்கொள்கிறேன்” என்று அவர் அமர்ந்துவிடுவார். எண்பது வயதை எட்டியவர்க்கு இன்னொரு நாள் என்பது எளிய சொல்லன்று.

இதற்குக் காரணம் கணினியன்று. நாம் பெயரிடும் முறையே. கரோக்கிப் பாட்டு பெரும்பாலும் இரண்டு கோப்புக்களாக இருக்கும். எம்பி3 கோப்பில் இசையும், சிடிஜி கோப்பில் திரையில் ஓடும் சொற்களும் அடங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால்தான் மென்பொருள் அவற்றை இணைக்கும். ஒன்றின் பெயரை மட்டும் மாற்றினால் இசை ஒலிக்கும், சொற்கள் தோன்றா. இரண்டையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிவைத்தால் இத்தொல்லை இல்லை. மேலும், சிடிஜி கோப்பில் உள்ளவை எழுத்துக்கள் அல்ல, படங்கள். நம் கண்ணுக்கு அவை தமிழ். கணினிக்கோ வெறும் புள்ளிகள். ஆதலின் பாட்டினுள் வரும் சொல்லைக் கொண்டு தேட இயலாது. கோப்புக்கு நாம் இடும் பெயரே தேடுவோர் கைக்கு எட்டும் கயிறு.

பாட்டை அடுக்குவது நமக்குப் புதிய கலையன்று. தேவாரப் பதிகங்களைப் பண்முறை என்றும் தலமுறை என்றும் இருவகையாக அடுக்கி அச்சிட்டிருக்கிறார்கள். பண் அறிந்து பாடும் ஓதுவாருக்கு முன்னது உதவும். ஊர் ஊராகக் கோயிலுக்குச் செல்லும் அடியாருக்குப் பின்னது உதவும். பாட்டு ஒன்றே; தேடுபவர் வேறு. தேடுபவர் எதைச் சொல்லிக் கேட்பார் என்று எண்ணி அடுக்குவதே முறை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஓப்பன்கேஜே போன்ற இலவச மென்பொருள்கள், கோப்பின் பெயரைச் சிறு கோடுகளால் பிரித்து, எண், பாடகர், தலைப்பு என்று படித்துக்கொள்கின்றன. இது மேல்நாட்டுப் பாட்டுக்குப் பொருந்தும். நம்மவரோ படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பர். அல்லது முதல் அடியைச் சொல்லிக் கேட்பர். ஆகவே பாடகர் என்ற இடத்தில் படம், ஆண்டு, பாடியவர் ஆகியவற்றைச் சேர்த்தும், தலைப்பு என்ற இடத்தில் முதல் அடியையும் எழுதுவது நலம். ஆண்டு எதற்கு என்பீர்கள். ‘பில்லா’ 1980இலும் உண்டு, 2007இலும் உண்டு. ‘படிக்காதவன்’ 1985இலும் உண்டு, 2009இலும் உண்டு. ரெயில்வேயில் நாங்கள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்ற பெயரோடு நிறுத்துவதில்லை. 12622 என்றால் சென்னைக்குப் போவது. 12621 என்றால் அங்கிருந்து வருவது. பாட்டுக்கும் அத்தகைய எண் ஒன்று இருக்கட்டும்.

தில்லியில் பிறந்த பிள்ளைகள் பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டித் தேடுகின்றனர். ழகரத்தை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றொருவர் வேறுவிதமாகவும் எழுதினால் ஒரே பாட்டு இரண்டிடத்தில் ஒளிந்துகொள்ளும். எழுத்து முறை ஒன்றை முடிவு செய்து, அதையே எல்லாக் கோப்புக்களிலும் கையாள வேண்டும். அதனுடன் தமிழ் எழுத்திலும் பெயரை எழுதிவைத்தால், தேடும் சாக்கில் பிள்ளைகள் தமிழ் படிக்கவும் கூடும்.

இறுதியாக ஒன்று. நம்மில் பெரும்பாலோர் மாற்றல் உத்தரவுக்கு உட்பட்டவர்கள். அடுக்கியவர் பெட்டி கட்டிச் செல்லும்போது அடுக்கும் அவருடனேயே போய்விடலாகாது. எண், முதல் அடி, படம், ஆண்டு, பாடியவர், யார் எந்தச் சுருதியில் பாடுவார் என்னும் விவரங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒரு நோட்டுப் புத்தகமாகத் தைத்து வைப்போமாக. கோப்புக்களின் பிரதி மற்றொரு வீட்டிலும் இருக்கட்டும். அடுத்த விழாவில் பெரியவர் பாட்டின் பெயரைச் சொல்லி வாய் மூடுமுன் இசை தொடங்கிவிட வேண்டும்.