பத்தாம் நம்பர் சிக்னல்னா யாருங்க?

ரொம்ப நாளா மனசுக்குள்ள பொகைஞ்சிட்டு இருக்கிற விஷயம். இன்னைக்குக் கொட்டிடறேன்.

சி-யில புரோகிராம் எழுதுற நம்மாளுங்ககிட்ட ஒரு கெட்ட பழக்கம். ஒரு புராசஸ் செத்துப்போனா லாக்ல "சிக்னல் 10"னு நம்பரை மட்டும் எழுதிட்டுக் கையைக் கழுவிடறது. கேட்டா, "தெரிஞ்சவனுக்கு நம்பர் போதுங்க"ன்னு ஒரு பதில்.

போதாதுங்க. நான் பட்டதைச் சொல்றேன்.

துடியலூர்ப் பக்கம் ஒரு பம்ப்செட் பட்டறை. மோட்டார் டெஸ்ட் பண்றப்போ வோல்டேஜ், கரண்ட் எல்லாம் பதிய ஒரு சின்ன போர்டு. அதுக்கு மென்பொருள் எழுதினது நான். ராத்திரி ஷிப்ட் அண்ணன் போன் பண்ணினார். "ஏனுங் தம்பி, அது நின்னு போச்சுங்க. கடைசியா சிக்னல் பத்துன்னு இருக்குதுங்க."

வீட்டு லினக்ஸ்ல 'கில் -எல் 10' அடிச்சேன். யுஎஸ்ஆர்1னு வந்துது. அது தானா வராது, யாராவது அனுப்பினாத்தான் வரும். யார் அனுப்பறாங்கன்னு ரெண்டு நாள் தேடினேன். யாருமே அனுப்பலை!

அந்த போர்டுல இருந்தது மிப்ஸ் சிப். அங்கேயும் லினக்ஸ்தான், ஆனா 10னா சிக்பஸ். இன்டெல் லினக்ஸ்ல சிக்பஸ் 7. மேக்ல மறுபடி 10. எம்மேப் பண்ணி வெச்சிருந்த ஃபைலை இன்னொரு புரோகிராம் நடுவுல வெட்டிச் சின்னதாக்கிருச்சு. இல்லாத பக்கத்தைத் தொட்டதும் 'பஸ் எரர்'. அந்த ரெண்டு வார்த்தை லாக்ல இருந்திருந்தா ரெண்டு நாள் போயிருக்காது. அதுவரைக்கும் பட்டறையில எல்லாத்தையும் நோட்டுல கையால எழுதினாங்க. அண்ணன் வாங்கின திட்டு தனி. அந்த லாக்கை எழுதின மகராசன் நானேதான்!

காந்திபுரத்துல துடியலூருக்கு ஏறுற பஸ் நம்பரை மதுரைல தேடிப் புடிச்சு ஏறினா, துடியலூரா வரும்?

இத்தனைக்கும் மருந்து ஒத்தை வரி. ஸ்டர்சிக்னல். நம்பரைக் குடுத்தா வாசகத்தைக் குடுக்கும். போசிக்ஸ் 2008லயே சேர்த்துட்டாங்க. "நானே ஒரு அரே போட்டுக்கறேன்"னு சிலர் கிளம்புவாங்க. சாமி, நம்பர் வரிசைல போட்டா அதே குழிதான். 'கேஸ் சிக்பஸ்'னு பேரை வெச்சு எழுதினா சரி. பழைய சிஸ்_சிக்லிஸ்ட்டை நம்பி இருந்தவங்களுக்கு, 2020ல வந்த ஜிலிப்சி 2.32 புது புரோகிராம்ல அதைப் பயன்படுத்த முடியாதபடி எடுத்துருச்சு.

எதிர்த்தரப்புல ஒரு நியாயம் உண்டு. லொகேல் மாறினா ஸ்டர்சிக்னல் வாசகமும் மாறலாம், கிரெப் பண்ண முடியாது. சரிங்க, அப்ப நம்பர், பேரு, வாசகம் மூணையும் எழுதுங்க. பேருக்கு அதே 2.32ல சிக்அப்ரெவ்_என்பி இருக்கு. போசிக்ஸ் 2024ல சிக்2எஸ்டிஆர் வந்திருக்கு.

ஒண்ணே ஒண்ணு. ஸ்டர்சிக்னலை சிக்னல் ஹேண்ட்லருக்குள்ள கூப்பிடாதீங்க, அங்கே அது பாதுகாப்பு இல்லை. பேரன்ட் புராசஸ் வெயிட்பிட் முடிச்ச பிறகு நிதானமா எழுதட்டும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த லாக்கைப் படிக்கிறவர் நீங்க இல்லை, பட்டறை அண்ணன். அவருக்காக எழுதுங்க.

டிஸ்கி: ஷெல்லுல 139னு வந்தா 128ஐக் கழிங்க. 11, செக்மென்டேஷன் ஃபால்ட். "ஏன் கழிக்கணும்?"னு கேக்கறீங்களா? அதைத்தானே இவ்வளவு நேரமா நானும் கேக்கறேன் :-)