பிள்ளைக்குப் போட முடியாத ஊசியை வீட்டாருக்குப் போடுங்கள்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

உரும்பிராயில் கார்த்திகை மழை இறங்கியதும் வீட்டுக்கு வீடு தடிமனும் காய்ச்சலும் வந்துவிடும். முதலில் பள்ளிக்கூடத்தாலோ ரியூசனாலோ வரும் பிள்ளை தும்மும். இரண்டொரு நாளில் தாய்க்கு உடம்பெல்லாம் உளையும். கிழமை முடிவதற்குள் அம்மம்மாவும் படுத்துவிடுவார். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்து அநேகர் எழும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்று இருந்தால் கதை வேறு. அந்தக் குழந்தைக்காகவே இதை எழுதுகிறேன்.

இன்ஃபுளுவென்சா வெறும் தடிமன் அல்ல. சின்னப் பிள்ளைகளில் அது நியுமோனியாவாக முற்றும், வலிப்பையும் கொண்டுவரும். 2018 மே மாதம் தென் மாகாணத்தில் அது பரவியபோது குழந்தைகள் உயிரிழந்தார்கள். இதற்கு ஒரு தடுப்பூசி உண்டு. ஆனால் ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு அதைப் போட முடியாது. ஆபத்து அதிகமான வயதிலேதான் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அந்த மாதங்களில் பிள்ளையைக் காப்பது தாயினதும் சுற்றியிருப்பவர்களினதும் உடம்பில் உள்ள எதிர்ப்புச் சக்திதான்.

எங்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். 31ஆம் நாள் துடக்குக் கழிந்ததும் இனசனமெல்லாம் பிள்ளை பார்க்க வரும். ஒவ்வொருவரும் தூக்குவார்கள், கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுவார்கள். இரவில் தாயும் தமக்கையும் கைக்குழந்தையும் ஒரே பாயில் படுப்பார்கள். தாய் தோட்டத்துக்கு வெங்காயம் நடப் போனால் பகல் முழுவதும் பிள்ளை அம்மம்மாவின் மடியிலேதான். "பிள்ளையைத் தொடாதேயுங்கோ" என்று சொல்லி இந்த வாழ்க்கையை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. மடியில் வைத்திருப்பவருக்கு வருத்தம் வராமல் பார்ப்பதுதான் செய்யக்கூடியது.

அதற்கான வழி தெரியாமலும் இல்லை. வங்காளதேசத்தின் டாக்காவில் 340 கர்ப்பிணித் தாய்மாரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2008 இல் வெளியான அதன் முடிவின்படி, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்ஃபுளுவென்சா ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு, முதல் ஆறு மாதத்தில் பரிசோதனையில் உறுதியான இன்ஃபுளுவென்சா 63 சதவீதம் குறைந்திருந்தது. தாயின் இரத்தத்தில் உண்டாகும் பிறபொருளெதிரிகள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் 2012 இல், இந்தத் தடுப்பூசியைத் தொடங்கும் நாடுகள் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் கொடுக்கவேண்டும் என்றது. டாக்காவின் தாய்மாரும் எங்கள் தாய்மாரைப் போல நெருக்கமான வீடுகளில், கூட்டுக் குடும்பங்களில் பிள்ளை வளர்ப்பவர்கள்தான்.

மற்றைய சான்று கனடாவிலிருந்து வருகிறது. மேற்குக் கனடாவின் ஹட்டரைட் சமூகத்தார் பண்ணைக் குடியிருப்புகளில் கூட்டாக வாழ்பவர்கள். அங்கே சில குடியிருப்புகளில் 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த ஊசியைப் போட்டார்கள். ஊசி போடாத மற்றவர்களிடமும் நோய் 61 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கூடத்தில் தொற்றி வருவது அங்கேயே மறிக்கப்பட்டால் தொட்டிலும் தப்பும், சாய்மனைக் கதிரையும் தப்பும்.

அமைச்சர் அவர்களே, ஒன்ராறியோ மாகாணத்தில் 2000ஆம் ஆண்டு முதல் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எவருக்கும் இந்த ஊசி இலவசம். இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள் அதை வருடாவருடம் போடுகிறார்கள். மார்கழி விடுமுறைக்கு அவர்கள் வந்திறங்கும் வீட்டில் இருக்கும் அம்மம்மாவும், பிள்ளைத்தாச்சியான மச்சாளும் தனியார் வைத்தியசாலைக்குக் காசு கொண்டுபோனால்தான் அதே ஊசி கிடைக்கும். ஒரே குடும்பத்துக்குள் இப்படியொரு வேறுபாடு இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏற்க முடியாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் நாட்டால் இது முடியும். 1978 இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் போலியோவை 1993க்குப் பிறகு தலையெடுக்க விடவில்லை. சொட்டு மருந்துக்காகப் போர்க்காலத்திலேயே துப்பாக்கிகள் ஓய்ந்த நாட்கள் இருந்தன. இன்றைக்கும் கிளினிக் நாளில், நிறை பார்க்கும் தராசுக்கு முன்னால் பதிவேட்டைக் கையில் பிடித்தபடி தாய்மார் வரிசையில் நிற்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் சொன்னால் மறுபேச்சு இல்லை. கர்ப்பிணிகளுக்கு ஏற்புவலி ஊசி அங்கேதான் போடுகிறார்கள். அதே கதிரையில் இன்னோர் ஊசிக்குப் புதிய கட்டடமோ புதிய ஆளணியோ தேவைப்படாது. தேவை மருந்தும் அதை வாங்கும் முடிவும்தான்.

இந்த ஊசி எல்லாத் தடிமனையும் நிறுத்தாது. கிருமி உருமாறுவதால் வருடந்தோறும் போடவேண்டும். பலனும் வருடத்துக்கு வருடம் கூடிக் குறையும். முதல் தடவை போடும் சின்னப் பிள்ளைகளுக்கு நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். செலவு சிறியதல்ல என்பதும் தெரியும். எனவே எல்லாருக்கும் ஒரேயடியாகக் கேட்கவில்லை. முதலில் கர்ப்பிணிகளுக்குக் கொடுங்கள். கூடவே, சிறுவர் விடுதிகளில் வேலை செய்யும் தாதியருக்கும், வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் கொடுங்கள். அடுத்ததாகத் தொய்வும் இருதய வருத்தமும் உள்ள பிள்ளைகள். பிறகு, நீரிழிவு கிளினிக்குக்கு மாதாமாதம் வரும் எங்கள் அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும்.

காலமும் முக்கியம். இலங்கையில் இன்ஃபுளுவென்சா சித்திரையிலிருந்து ஆனி வரை ஒருமுறையும், கார்த்திகையிலிருந்து தை வரை மறுமுறையும் கூடுகிறது. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு கிழமை செல்லும். மழை தொடங்கிய பிறகு வரும் மருந்து அந்த மழைக்கு உதவாது. ஆகவே வரும் புரட்டாதி முடிவதற்குள், கர்ப்பிணிகளுக்கான முதல் தொகுதியாவது கோப்பாய் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் நாட்டின் மற்றப் பணிமனைகளுக்கும் வந்து சேர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உரும்பிராயிலிருந்து ஒரு தாய்