இரண்டு மாதம் அவள் எங்கே இருப்பாள்?

கணவன் வீட்டார் கொடுமை என்று வழக்குப் பதிந்தாலும் இரண்டு மாதத்துக்குக் கைது கூடாது, அதற்குள் குடும்ப நலக் குழு இரு தரப்பையும் அழைத்துப் பேசட்டும். அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022-இல் வகுத்த இந்த நெறிமுறை தொடரட்டும், அதிகாரிகள் நடைமுறைப்படுத்தட்டும் என்று 2025 ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை நம்மால் ஏற்க முடியவில்லை.

எழுமலையில் ஒரு பெண் மகளிர் காவல் நிலையம் போக உசிலம்பட்டிக்குப் பஸ் ஏற வேண்டும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க மதுரைக்கே போக வேண்டும். அதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்திருப்பார்கள். பெற்ற தாயே "அனுசரிச்சுப் போ தாயி" என்று பல தடவை திருப்பி அனுப்பியிருப்பாள். போட்டு வந்த நகை அடகில். ரேஷன் கார்டு அவன் வீட்டில். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அந்த ஊரில். பிறந்த வீட்டில் தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இத்தனையும் மீறி அவள் காவல் நிலையப் படி ஏறுகிறாள் என்றால், பேசிப் பார்த்ததெல்லாம் தோற்ற பிறகுதான். அவளை மறுபடியும் பேச உட்காரச் சொல்வது என்ன நியாயம்? அந்த இரண்டு மாதமும் அவள் எங்கே படுப்பாள்? கொலை முயற்சி போன்ற கடும் பிரிவுகள் சேர்ந்தால் விலக்கு உண்டாம். அன்றாடம் விழும் அடிக்கு?

குழுவில் இடம்பெறத் தகுந்தவர்கள் யார் யார்? சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள், ஓய்வுபெற்ற நீதித்துறை அதிகாரிகள், மாவட்ட உயரதிகாரிகளின் படித்த மனைவியர். ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் நாற்காலியில்தான் வித்தியாசம்.

இது முதல் தடவையும் அல்ல. 2017 ஜூலையில் இதே உச்ச நீதிமன்றம் இதே குழுக்களைக் கொண்டுவந்தது. 2018 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அவற்றை நீக்கியது. ஏழாண்டு கழித்து மறுபடியும் அதே தவறு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. மனுக்களை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அந்த 60 நாளைக் காப்பாற்ற இந்த அவசரம் காட்டியதுண்டா? தாலுகாதோறும் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்று உத்தரவிடவே 2025 மே வரை ஆயிற்று. பொய்ப் புகார் என்ற அச்சத்துக்கு மட்டும் உடனுக்குடன் மருந்து கிடைக்கிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது, தீர்ப்பு எழுதியவர்களின் கண்ணில் படவில்லையா?

நீதிமன்றமும் அரசும் கலந்து யோசித்து வேறு வழி காணட்டும். இந்த இரண்டு மாத அவகாசத்தை முதலில் திரும்பப் பெறுங்கள்.