சட்டகத்துக்கு வெளியே நிற்கும் குடுவை

கோஸ்டா ரிக்காவில் மூவர் எடுத்த மூன்று புகைப்படங்கள். மூன்றிலும் ஒரு ஹெலிகோனியா மலர், அதன் முன் அந்தரத்தில் நிற்கும் ஹம்மிங் பறவை, பின்னே மங்கிய பசுமை. பறவைகள் மூன்றும் வெவ்வேறு இனங்கள். மலர் மட்டும் ஒன்றே. இரண்டாம் மடலின் நுனியிலிருந்த அதே கிழிசல் மூன்று படங்களிலும் இருந்தது. எந்தப் பறவை எந்த மலரை நாடுகிறது என்பதைப் பொதுவெளிப் படங்களிலிருந்து தொகுத்துவரும் நான், அதைக் கவனிப்பதற்கு முன்பே அவற்றை மூன்று தனிப் பதிவுகளாக அட்டவணையில் ஏற்றிவிட்டேன்.

இப்படங்கள் உருவாகும் முறை இரகசியமன்று. ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் கலந்த குடுவையைத் தொங்கவிடுவர். பறவைகள் பழகியதும் குடுவையை மறைத்து, அதன் வாயருகே வெட்டிய மலரொன்றைக் கவ்வியில் பொருத்துவர். சிலர் மலருக்குள்ளேயே சர்க்கரைநீரைச் சொட்டுவர். டெலிபோட்டோ லென்ஸ் சில அடிகள் தள்ளி, முன்கூட்டியே குவியம் வைக்கப்பட்டுக் காத்திருக்கும். நொடிக்கு ஐம்பது முறை அளவில் அடிக்கும் சிறகை உறையவைக்க ஷட்டர் வேகம் மட்டும் எளிதில் போதாது. எனவே நான்கைந்து ஃபிளாஷ்களைக் குறைந்த திறனில் எரியவிடுவர். அப்போது ஒளிவீச்சு நொடியின் பல்லாயிரத்தில் ஒரு பங்கே நீடிக்கும். இயற்கை ஒளி படத்தில் பதியாதபடி அடக்கப்படுவதால் பின்னணி கருத்துப்போகும். அதை ஈடுகட்டவே அச்சடித்த பச்சைத் திரையொன்று பின்னால் நிற்கிறது. காடு என்று நாம் கருதியது ஒரு சுவரொட்டி.

கலை என்ற அளவில் இதில் எனக்குக் குறையேதுமில்லை. உருவப்படக் கலைஞரும் திரை கட்டுகிறார். ஆனால் ஹம்மிங் பறவையின் அலகும் மலரின் குழலும் சேர்ந்து நிற்கும் காட்சி உயிரியலில் ஒரு கூற்று. ‘இது இதை நாடுகிறது’ என்ற கூற்று. செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளில் ஊதாக்கழுத்துக் கரீப் என்னும் இனத்தின் பெண்பறவைக்கு ஆணைவிட நீண்டு வளைந்த அலகு உண்டு. ஆணும் பெண்ணும் வெவ்வேறு ஹெலிகோனியா இனங்களை நாடுவதும், அலகின் வடிவம் மலரின் வடிவத்தோடு பொருந்துவதும் 2003இல் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வின் பொருள். அத்தகைய துறையில், கவ்வியில் மாட்டிய மலர் ஒரு பொய்ச்சாட்சி. படமெடுத்தவர் பொய் சொல்லவில்லை. உண்மையில் எதுவுமே சொல்லவில்லை. அந்த மௌனத்தைத் தரவாக மாற்றியது நான்தான்.

குடுவையே தீது என்று வாதிடுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. டூபான்ட் நிறுவனத் தலைவராயிருந்த கிராஃபோர்ட் கிரீன்வால்ட் அதிவேக ஃபிளாஷ் படங்களுடன் 1960இல் வெளியிட்ட ஹம்மிங் பறவை நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. அப்பறவைகளின் ஒளிர்நிறத்துக்கு விளக்கம் தேடியவர்களில் அவரும் ஒருவர். அன்னா ஹம்மிங் பறவையின் குளிர்கால எல்லை கலிபோர்னியாவிலிருந்து வடக்கே நகர்ந்ததற்கும் கொல்லைப்புறக் குடுவைகளுக்கும் தொடர்புண்டு என்று காட்ட முடிந்தது, குடுவையருகே நின்று எண்ணிய பொதுமக்களின் பதிவுகளால்தான். அங்கே குடுவை மறைக்கப்படவில்லை. அதுவே தரவின் ஒரு பகுதியாயிருந்தது.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இந்தியாவில் ஹம்மிங் பறவை கிடையாது. அப்பெயரில் சமூக ஊடகங்களில் வலம்வருவது பெரும்பாலும் நம் தேன்சிட்டு. அது வேறு குடும்பம். பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே தேனுண்ணும். ஆனால் மறைகுடில்கள் இங்கும் உண்டு. உத்தராகண்டின் சாத்தால், கேரளத்தின் தட்டேக்காடு போன்ற இடங்களில் கட்டணம் செலுத்தி, இரையும் நீரும் வைத்த இடத்தின் முன் அமர்ந்து படமெடுக்கலாம். வழிகாட்டிகளின் பிழைப்பு அதில் இருக்கிறது. அதைக் குலைக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆயினும், தரையில் இரை தூவி வரவழைத்த பறவையின் படத்தை ‘வாழிடம்’, ‘உணவு’ என்ற தலைப்புகளின் கீழ் ஆய்வேட்டில் ஒட்டும் மாணவர்களை நான் அறிவேன். வழிகாட்டும் பேராசிரியர்களும் படத்தின் கூர்மையைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள்.

நான் கேட்பது சிறிது. இரை வைக்கப்பட்டதா என்பதைப் படவிளக்கத்தில் ஒரு சொல்லால் குறிக்கட்டும். வெட்டாத மூலப்படத்தையும் சேர்த்து ஏற்றட்டும். அந்தக் குறிப்பு இல்லாத படத்தை உணவுத்தொடர்புக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்று நம் துறைகள் விதி செய்யட்டும். இதனால் என் அட்டவணை பாதியாகச் சுருங்கக்கூடும். சுருங்கட்டும்.

மூவரில் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். தயங்காமல் முழுச் சட்டகத்தையும் அனுப்பிவைத்தார். இடது ஓரத்தில் சிவப்புக் குடுவையின் விளிம்பு, கீழே மலர்த்தண்டைப் பற்றிய கவ்வி. இதுவரை யாரும் கேட்டதில்லை என்று எழுதியிருந்தார்.