மாநிலங்களவைத் தலைமையும் கடைமடையின் குரலும்

குடியரசுத் துணைத்தலைவர் பதவிக்கு 2025 செப்டம்பர் 9 அன்று தேர்தல் நடைபெற்றது. ஜகதீப் தன்கர் உடல்நிலையைக் காரணம் காட்டி ஜூலை 21 அன்று விலகியதால் வந்த தேர்தல் இது. தேசிய சனநாயகக் கூட்டணி திருப்பூரைச் சேர்ந்த சி.பி. இராதாகிருஷ்ணனை நிறுத்தியது. எதிரணி, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி பி. சுதர்சன் ரெட்டியை நிறுத்தியது. நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்கள் மட்டுமே இதில் வாக்களிப்பர். குறுவை அறுவடைக்கும் சம்பா நாற்றங்காலுக்கும் இடையே ஓய்வின்றி உழைக்கும் எங்கள் நன்னிலம் வட்டாரத்து உழவருக்கு இதில் வாக்கு இல்லை. எனினும், இத்தேர்தலில் வென்றவர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பது அந்த உழவருடைய களத்துமேட்டையும் வந்து தொடும். ஆதலின் இதுபற்றி எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

தமிழ் மண்ணிலிருந்து எழுந்த வேட்பாளரை முதலில் அறிந்துகொள்வோம். 1957இல் பிறந்த இராதாகிருஷ்ணன், பதின்ம வயதிலேயே இராஷ்டிரிய சுயம்சேவக சங்கத்தில் இணைந்தவர். சனசங்கத்தில் பயின்று, பாரதிய சனதாவில் வளர்ந்தவர். பழமை பேணும் அரசியலைத் தம் வழியாக வரித்துக்கொண்டு, அதனை ஒருபோதும் மறைக்காதவர். 1998, 1999 தேர்தல்களில் கோயம்புத்தூர் மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினர். பின்னர் அதே தொகுதியில் தோல்விகளையும் கண்டார், கட்சி மாறவில்லை. மாநிலத் தலைவராக இருந்தபோது 93 நாள், 19,000 கிலோமீட்டர் இரத யாத்திரை சென்றார். நதிகளை இணைத்தல், தீண்டாமையை ஒழித்தல், பொதுக் குடிமைச் சட்டம் ஆகியவை அப்பயணத்தின் கோரிக்கைகளுள் இடம்பெற்றன. 2023இல் சார்க்கண்ட் ஆளுநரானார். 2024 முதல் 2025 வரை மகாராட்டிர ஆளுநராக இருந்தார். மாற்றுக் கட்சியினராலும் இன்முகத்தோடு பழகக்கூடியவர் என்று மதிக்கப்படுபவர்.

அவருடைய கொள்கைகள் பலவற்றோடு இந்த வட்டாரம் உடன்படுவதில்லை. நன்னிலம் அடங்கிய நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதி, பொதுவுடைமைக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த தொகுதி. எனினும் மாறுபட்ட கொள்கையுடையார் என்பதற்காக ஒருவரை எடைபோடாமலே ஒதுக்குவது முறையன்று. நம் வட்டாரத்தின் வரலாறே இதற்குச் சான்று பகரும்.

1952 ஏப்ரலில் இராசகோபாலாச்சாரியார் சென்னை மாநில முதலமைச்சரானார். இந்தியாவின் பழமைவாத அரசியலுக்கு அவரினும் பெரிய அறிவாளர் கிடைத்ததில்லை. பொதுவுடைமையாளரைத் தம் முதல் எதிரி என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தவர் அவர். அத்தகையவரின் அரசுதான் அதே ஆண்டு ஆகஸ்டில் தஞ்சாவூர் மாவட்டக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைதாரருக்கு உரியது என்றும், மிராசுதார் நினைத்த மாத்திரத்தில் பண்ணையாளை வெளியேற்றலாகாது என்றும் அச்சட்டம் வகுத்தது. பி. சீனிவாசராவ் முதலான தோழர்கள் கட்டியெழுப்பிய செங்கொடி இயக்கம் இல்லையேல் அச்சட்டம் பிறந்திராது. எனினும் எதிரியின் கையிலிருந்த கோரிக்கையில் நியாயம் உண்டென்று கண்டு, அதற்குக் கையெழுத்திடும் துணிவு ஆட்சியாளரிடம் இருந்தது. அவரே மறு ஆண்டு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று கண்டித்து நாடு எழுந்தது. 1954இல் அவர் பதவி விலக நேர்ந்தது. பழமை பேணும் கொள்கை அந்த ஒரே மனிதரின் கையில் ஒரு முறை நீதியாயிற்று. மறு முறை அநீதியாயிற்று. எதிர்த்தரப்பின் குரலுக்குச் செவி கொடுத்ததும் கொடுக்க மறுத்ததுமே அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இனி இராதாகிருஷ்ணன் நாடிய பதவியைப் பார்ப்போம். குடியரசுத் துணைத்தலைவரே மாநிலங்களவையின் தலைவர். அவர் அங்கே சட்டம் இயற்றுவதில்லை. வாக்குகள் சமமாகும்போதன்றி வாக்களிப்பதில்லை. யாருக்குப் பேச நேரம், எந்தத் தீர்மானத்துக்கு இடம் என்பவற்றை முறைப்படுத்துவதே அவர் பணி. ஆற்றின் தலைப்பில் மதகைக் காக்கும் லஸ்கரின் பொறுப்பை ஒத்தது அது. நீர் அவருடையதன்று. ஆனால் அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் கடைமடை காயும். முடிகொண்டான், புத்தாறு, திருமலைராசனாறு ஆகியவற்றின் வாய்க்கால்களை நம்பி வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அவ்வாறு காய்ந்த நாளையும் நாம் கண்டிருக்கிறோம். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் சட்ட முன்வரைவுகள் மாநிலங்களவைக்கு வந்தன. தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள், வாக்குகளை எண்ணுங்கள் என்று எதிரணியினர் வேண்டினர். பெரும் கூச்சலுக்கிடையே குரல் வாக்கெடுப்பில் அவை நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் உறுப்பினர் எண்மர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவையில் எண்ணப்படாத எதிர்ப்பு தில்லியின் எல்லையில் ஓராண்டுக்கு மேல் அமர்ந்திருந்தது. 2021 நவம்பரில் நாடாளுமன்றமே அச்சட்டங்களைத் திரும்பப் பெற்றது. அவைக்குள் தீர்ந்திருக்க வேண்டிய வழக்கைத் தெருவுக்குத் தள்ளியதன் விலையை உழவர்களே கொடுத்தனர். 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் ஒரே கூட்டத்தொடரில் இடைநீக்கம் செய்யப்பட்டதையும் நாடு மறக்கவில்லை.

அவையில் எழுப்பப்பட வேண்டிய நம் வழக்குகள் பல. கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனைந்த நெல்லோடு காத்திருக்கும் உழவனை, ஈரப்பதம் 17 விழுக்காடு என்னும் ஒன்றிய அரசின் வரம்பு திருப்பி அனுப்புகிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு வரையறுத்த 177.25 டி.எம்.சி. காவிரி நீர் மாதந்தோறும் முறையாக வர வேண்டும். மேக்கேதாட்டு அணைத் திட்டம் அதற்கு அச்சுறுத்தலாக நிற்கிறது. இவற்றில் தீர்ப்பளிக்குமாறு அவைத் தலைவரை நாம் கேட்கவில்லை. இவற்றைப் பேச எழும் உறுப்பினரின் ஒலிவாங்கி உயிரோடிருக்க வேண்டும் என்றே கேட்கிறோம்.

தமிழர் என்பதற்காகவே தமிழக உறுப்பினர்கள் இராதாகிருஷ்ணனை ஆதரிக்க வேண்டும் என்றோரும் இருந்தனர். பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் அடங்கிய இராசாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் 1984இல் இதே பதவியில் அமர்ந்தார். 1987இல் குடியரசுத் தலைவரானார். அப்பெருமை நமக்கு உண்டு. ஆனால் பிறந்த ஊரைக் காட்டி வாக்குக் கேட்பதும், ஏற்ற கொள்கையை மட்டும் காட்டி மறுப்பதும் இப்பதவியின் தகுதிக்குப் பொருந்தா. இரு வேட்பாளரிடமும் கேட்க வேண்டியிருந்தது ஒன்றே: இருக்கையில் அமர்ந்தபின் தம்மை அமர்த்தியோரை மறக்கும் வலிமை அவருக்கு உண்டா?

நீதிபதியாக இருந்தவருக்கு அது பழகிய ஒழுக்கம். ஐம்பது ஆண்டு இயக்கத் தொண்டராக வாழ்ந்தவருக்கு அதுவே பெருந்தவம். தேர்தலில் வென்ற இராதாகிருஷ்ணன், கட்சிக் கொடியை அவையின் வாயிலில் விட்டு உள்ளே செல்ல வேண்டும். எண்ணிக்கையில் சிறியோர் எழுந்து நிற்கும்போது அவர்களுக்கு உரிய நேரத்தைக் குறைவின்றி அளக்க வேண்டும். தலைப்பில் நிற்பவரின் நேர்மையைக் கடைமடை வயலின் ஈரத்தைக் கொண்டே அளந்தறிவது எங்கள் ஊர் வழக்கம். அவரையும் அந்த அளவுகோலாலேயே அளப்போம்.