போனவன் தோற்றுத்தான் வந்தானா?

— மூன்றாமாண்டு எந்திரவியல் மாணவன், பெரிய முதலியார்சாவடி



ஃபுட்பால் பேச்சு வந்துவிட்டால் நம் கல்லூரியில் மெக்கானிக்கல், சிவில், இ.இ.இ. என்ற பேதமே கிடையாது. "நம்ம ஆளுங்க வெளிநாட்டுக்குப் போய் என்னத்தக் கிழிச்சாங்க?" என்று எல்லாத் துறையும் ஒரே குரலில் கேட்கும். பாய்சுங் பூட்டியா இங்கிலாந்து போனார், மூணு கோல். சுனில் சேத்ரி அமெரிக்கா போனார், போர்ச்சுகல் போனார், பெஞ்சில் உட்கார்ந்தார், திரும்பி வந்தார். முடிந்தது தீர்ப்பு! அப்பீலே கிடையாது.

இந்தத் தீர்ப்பை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் பூட்டியா கணக்கைப் பார்ப்போம். சிக்கிம் மாநிலத்து மலைக் கிராமம் ஒன்றில் 1976-ல் பிறந்தவர். 1999 செப்டம்பர் கடைசியில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள பெரி என்ற சின்ன ஊரின் கிளப் அவரை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. ஐரோப்பியக் கிளப் ஒன்று ஒப்பந்தம் போட்டு எடுத்த முதல் இந்தியர் அவர்தான். அவருக்கு முன்னால், 1936-ல், கொல்கத்தாவின் முகமது சலீம் பூட்ஸ் போடாமல் காலில் துணிக்கட்டோடு ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு ஊர் ஏக்கத்தில் திரும்பிவிட்டார். நடுவில் அறுபத்து மூன்று வருஷம் ஒரு ஈ காக்கை போகவில்லை. அந்த இடத்தில் போய் நின்ற ஆள் பூட்டியா.

பெரி அப்போது இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீக்கில் இருந்தது. மழை, சேறு, தலைக்கு மேலேயே பறக்கிற பந்து, பனைமரம் மாதிரி டிஃபண்டர்கள். அக்டோபரில் முதல் ஆட்டம். முதல் லீக் கோல் விழுந்தது அடுத்த ஏப்ரலில்! அந்த ஆறு மாசம் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா? பிறகு காயம் வந்தது. 2002-ல் கிளப்பே கடனில் மூழ்கிக் கோர்ட் நியமித்த நிர்வாகிகள் கைக்குப் போனது. (2019-ல் அந்த பெரி கிளப்பை லீக்கை விட்டே வெளியேற்றினார்கள் என்பது தனிக்கதை.) 37 லீக் ஆட்டம், 3 கோல். நம்ம ஆளுங்க இந்த 3-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். 37-ஐ ஏன் விட்டுவிட்டார்கள்? மூன்று வருஷத்தில் 37 தடவை ஒரு இங்கிலாந்து மேனேஜர் "இந்தா, இறங்கு" என்று சொல்லியிருக்கிறார். இது சின்ன விஷயமா?

திரும்பி வந்த அடுத்த வருஷம், 2003-ல், ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பை நடந்தது. ஈஸ்ட் பெங்கால் அணிக்காக 9 கோல் அடித்துப் போட்டியிலேயே முதலிடம். இறுதியில் தாய்லாந்தின் பெக் டெரோ சசானா அணியை 3-1 என்று சாய்த்தார்கள். அதே வருஷம் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டம் வரை போன அணி அது! பெரியில் சேற்றில் ஓடிய ஓட்டத்துக்கு வந்த வட்டி இது என்று நான் சொல்வேன். நீங்கள் இல்லை என்றால் வாங்க, கேன்டீனில் பேசிக்கொள்வோம்.

இனி சேத்ரி. இங்கேதான் டிப்ளமா படிக்கிற நமக்கு வயிறு எரிய வேண்டும். 2009-ல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. ஆட்டத்தைப் பார்த்தார்கள், பிடித்திருந்தது, பேசி முடித்தார்கள். ஆனால் பிரிட்டிஷ் அரசாங்கம் வேலை அனுமதி தரவில்லை. காரணம்? வீரரின் நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி. இந்தியா என்றைக்கும் எட்டிய உச்சமே 94-வது இடம், அதுவும் 1996-ல். ஆக, காலை அளந்து பார்த்துவிட்டு நாட்டை அளந்து அனுப்பிவிட்டார்கள்.

நமக்கும் இது புதுசா என்ன? ஒரு கம்பெனி வாசலில் எனக்கு நடந்ததும் இதுதான். லேத்தில் நான் பிடிக்கிற டாலரன்ஸை யாரும் பார்க்கவில்லை. "டிப்ளமாவா? பி.இ. மட்டும்தான்" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த 70-ஐயும் 2015-ல் 50 ஆக இறுக்கினார்கள். 2021-ல் இருந்து புள்ளிக் கணக்கு. வாசல் மாறினாலும் வாட்ச்மேன் அவரேதான்!

2010-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி போனார் சேத்ரி. அங்கே போட்டி ஆட்டம் என்று கிடைத்தது ஒன்றே ஒன்று. 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப், அதன் 'பி' அணிக்கு மூன்று ஆட்டம். சரி, உட்கார்ந்துதான் வந்தார். ஆனால் 2011 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கும் தென்கொரியாவுக்கும் எதிராகக் கோல் போட்டது யார்? 2024 ஜூனில் ஓய்வு பெற்றபோது நாட்டுக்காக 94 கோல், மறுபடி 2025-ல் கூப்பிட்டதும் வந்து 95-வதையும் போட்டது யார்?

இன்னொன்றையும் யோசியுங்கள். வெளிநாட்டில் ஆட எல்லாவற்றிலும் கஷ்டமான இடம் ஸ்ட்ரைக்கர் இடம். டிஃபண்டர் ஒரு தப்பு செய்தால் பக்கத்தில் இருப்பவன் மூடிவிடலாம். ஸ்ட்ரைக்கருக்குக் கோல் என்ற ஒற்றை எண்தான். எந்தக் கிளப்பும் அதிகப் பணத்தை அந்த இடத்துக்குத்தான் கொட்டும். உள்ளூர்க்காரனைவிட இரண்டு மடங்கு நல்லவனாக இருந்தால்தான் வெளியூர்க்காரனுக்கு அந்தச் சட்டை. நம்ம நாட்டு லீக்கைப் பாருங்களேன். ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியதில் இருந்து 2025 வரை பதினோரு சீசன். அதிக கோலுக்கான தங்கக் காலணி ஒரு தடவைகூட இந்தியருக்குப் போகவில்லை. அதில் மெண்டோசா, வால்ஸ்கிஸ் போன்றவர்கள் நம்ம சென்னையின் சட்டை போட்டவர்கள். நாமே எழுந்து நின்று கைதட்டினோம். நம்ம வீட்டிலேயே அந்த நாற்காலியை வாடகைக்கு விட்டுவிட்டு, "ஏண்டா அடுத்தவன் வீட்டில் உனக்கு நாற்காலி கிடைக்கலை?" என்று பையனைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

பெண்கள் விடுதித் தோழிகள் கோபிக்கக் கூடாது, மணிப்பூரின் பாலா தேவியை மறக்கவில்லை. மணிப்பூர் போலீசில் வேலை. 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அவரை எடுத்தது. போய் இறங்கினால் கொரோனா, எல்லாம் பூட்டு. டிசம்பரில்தான் மதர்வெல் அணிக்கு எதிராக முதல் கோல். பிறகு முழங்கால் காயம். நம்ம மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டால் தெரியும்: பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, தண்ணி விட்டு, உப்பு பூக்கிற நேரத்தில் ஒரு மழை அடித்தால் மறுபடி முதலில் இருந்து. அதற்காக அவர்களை உழைக்கத் தெரியாதவர்கள் என்றா சொல்கிறோம்?

சிங்கப்பூரில் வி. சுந்தரமூர்த்தி என்று ஒருவர், பெயரே நம்மூர்ப் பெயர். 1980-களின் கடைசியில் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் கிளப்புக்குப் போய் ஆடினார். அங்கே நிலைக்கவில்லை. அவர்தான் பிறகு 2016 முதல் 2018 வரை சிங்கப்பூர் தேசிய அணிக்கே பயிற்சியாளர்!

தமிழ்நாட்டுக் கதையோ வேறு. நமக்குக் கொச்சியும் கொல்கத்தாவுமே வெளிநாடு. ராமன் விஜயன் 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சினுக்காக ஆடி அதிக கோல் அடித்தவர், தமிழ்நாட்டுக்காரர். ('திமிரு' படத்தில் மிரட்டினாரே, அவர் கேரளத்து ஐ.எம். விஜயன். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

எங்கள் ஊர்ப் பக்கம் மணலில்தான் ஆட்டம். புதுச்சேரி துறைமுகத்துக்குக் கல் கொட்டினதுக்கப்புறம் வடக்கே கடல் ஏறி ஏறி, மைதானம் வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிறது. அதிலும் வெறுங்காலில் பந்தைக் கட்டி வைத்தாற்போல் ஓட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். அதில் ஒருத்தன் போன வருஷம் சென்னைக் கிளப் ஒன்றின் தேர்வுக்குக் கூப்பிடப்பட்டான். அன்றைக்கு அவனுக்குப் பிராக்டிகல். அவன் படிக்கிற இடத்தில் இன்டர் பாலிடெக்னிக் ஆட்டத்துக்கு ஓ.டி. உண்டு, கிளப் தேர்வுக்குக் கிடையாதாம். போகவில்லை. இப்போது ஆடுவதையும் குறைத்துக்கொண்டான்.

பேரவைத் தோழர்களே, வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மாவட்ட லீக்குக்கும் கிளப் தேர்வுக்கும் ஓ.டி. வேண்டும், தவறிய பிராக்டிகலுக்கு வேறு தேதி வேண்டும். நம் கல்லூரியில் தொடங்கினால் மற்றவர்களிடமும் கேட்கலாம். எழுதிக்கொடுக்க நான் தயார். அப்புறம், விளையாட்டுச் செயலாளர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை: கிழக்குப் பக்க கோல் போஸ்ட்டில் வலை கிழிந்து இரண்டு வருஷம் ஆச்சு. அடிக்கிற பந்தெல்லாம் நேரா சவுக்குத் தோப்புக்குள்ள போகுது. தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள பெல் அடிச்சிடறாங்க.